நாற்கொம்பு மானுக்கு முறை பார்த்த முருகம்மாள்

முருகம்மாக்காவைப் பற்றிச் சொல்ல எனக்கு முழு உரிமை இருக்கிறது. செம்பூரில் ஒரு டிரஸ்ட் நடத்தும் மான் காப்பகத்தில் அவள் தீவனம் போடுகிறவள், நான் ஆபீசில் டீ போடுகிறவள். இருவருக்கும் வீடு தாராவியில் ஒரே சந்து, காலையில் ஒரே பஸ். என் பெயர் ஜோஸ்பின். எனக்கு வாய் நீளம் என்று சந்தில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

காப்பகத்தில் இருப்பது நாற்கொம்பு மான். ஆணுக்கு உச்சியில் இரண்டு, நெற்றியில் சின்னதாக இரண்டு என்று நாலு கொம்பு. காட்டில் குறைந்துகொண்டே வருகிற இனம். இங்கே வைத்துப் பெருக்கி மறுபடி காட்டில் விட வேண்டும் என்பது திட்டம். புருஷன் போன பிறகு அக்கா இந்த வேலைக்கு வந்தாள். மற்றவர்கள் கடனே என்று செய்ததை அவள் வீட்டு விசேஷம் போல இழுத்துப் போட்டுச் செய்தாள். "இதுவொ காட்டுல கால வைக்குதத நான் ஒரு நாளு கண்ணால பாத்துரணும் ஜோஸ்பினு" என்பாள். வேறு ஆசை எதுவும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அங்கே சூப்பர்வைசராக இருக்கும் கணேசபாண்டியன் அவளுடைய தம்பி. அவளுக்கு மருமகனும் அவன்தான். அவர்கள் பக்கம் தாய்மாமன் இருக்கும்போது வெளியே மாப்பிள்ளை தேட மாட்டார்கள், அதனால் மகள் கலைச்செல்வியை அவனுக்கே கட்டிக்கொடுத்தாள். சும்மா திரிந்தவனை டிரஸ்டில் சேர்த்துவிட்டதும் அவள்தான். இந்தியும் இங்கிலீஷும் சரளமாக வரும் என்பதால் மளமளவென்று மேலே போய்விட்டான். தம்பி தனக்கே அதிகாரியானதில் அக்காவுக்கு அப்படி ஒரு பெருமை.

புனேயிலிருந்து வந்த டாக்டர் ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லியிருந்தார். இங்கே இருப்பதெல்லாம் நாலைந்து மான்களிலிருந்து பெருகியவை. ஒரே ரத்தம் திரும்பத் திரும்பச் சேர்ந்தால் குட்டி பிழைக்காது, அதனால் நெருங்கிய சொந்தத்துக்குள் ஜோடி சேர்க்காதீர்கள் என்றார். அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அண்ணன் தங்கையைப் பிரித்தாள். பெரியம்மா பிள்ளையையும் சித்தி பிள்ளையையும் தனித்தனியாக அடைத்தாள், அவையும் அண்ணன் தங்கைதானே. கொம்பன் என்கிற ஆணை அதன் தங்கை செவத்தி பக்கம் அண்டவே விடவில்லை. ஆனால் செவத்தியின் மகள் குட்டச்சியைக் கொம்பனோடு சேர்த்து விட்டாள். தாய்மாமன் அல்லவா, அவள் கணக்கில் அது விலக்க வேண்டிய சொந்தம் இல்லை, கட்டிக்கொள்கிற முறை.

தம்பியைக் கேட்காமலும் விடவில்லை. நான் பக்கத்தில்தான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். "மாமன் மருமவ தானக்கா, அதுல என்ன இருக்கு, வுடு" என்று சிரித்தான். எனக்கும் அதில் ஒரு தப்பும் தோன்றவில்லை.

குட்டச்சி போட்ட முதல் குட்டி எழுந்தே நிற்கவில்லை. அடுத்த ஈற்றில் இரண்டு, இரண்டும் பால் குடிக்காமலே போய்விட்டன. அக்கா அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டாக்டர் ரத்தமும் முடியும் எடுத்து ஹைதராபாத்துக்குச் சோதனைக்கு அனுப்பினார். மத்தியப் பிரதேசத்திலிருந்து புது ரத்தத்துக்காக ஓர் ஆண் மான் வருவதாக இருந்த நேரம் அது. அது வந்தால்தான் இந்தக் கூட்டம் தலையெடுக்கும்.

முடிவு வந்த அன்று டாக்டர் அக்காவையும் தம்பியையும் கூப்பிட்டார். நான் டீ கொண்டுபோனேன். எல்லாம் இந்தியில்தான் நடந்தது. குட்டிகளுக்கு அப்பா கொம்பன், அம்மா அதன் தங்கை மகள், இரண்டு பக்கமிருந்தும் ஒரே குறை வந்து சேர்ந்திருக்கிறது என்றார். "இப்படி ஜோடி சேர்க்கிற இடத்துக்கு மானை அனுப்ப முடியாது என்று மத்தியப் பிரதேசத்தில் சொல்கிறார்கள். பொறுப்பானவரை நீக்கினால்தான் நான் அவர்களிடம் பேசவே முடியும். யார் செய்தது?"

"நாந்தான் சாப்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். தன்னிடம் கேட்டுத்தான் செய்தாள் என்று அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். அந்தப் பாவி மொபைலைத் தடவிக்கொண்டே, "எனக்குத் தெரியாது சார், என்கிட்ட கேக்கவே இல்ல" என்றான்.

டாக்டருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "மாமனும் மருமகளும்! இதில் தப்பில்லை என்று எப்படித் தோன்றியது? உங்கள் ஊரில் அப்படிக் கல்யாணம் உண்டா?"

"படிக்காத ஆளுங்க சில பேர் பண்ணுவாங்க சார். எங்க வீட்டுல அந்தப் பழக்கம் கிடையாது" என்றான் கணேசபாண்டியன்.

கலைச்செல்விக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. அப்போது மறுபடி ஏழு மாசம், அம்மா வீட்டில் இருந்தாள். நான் வாயைத் திறந்தேன், அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான்.

அன்றோடு அவளை நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். போகும்முன் குட்டச்சியை ஒரு தரம் பார்க்கக் கேட்டாள். "வேண்டாங்க்கா, டாக்டர் பாத்தா வம்பு" என்று தம்பியே கேட்டை அடைத்தான். பஸ்ஸில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "அவன் வேல போயிரக் கூடாதுன்னுதான் நான் பேசாம இருந்தேன் ஜோஸ்பினு. எம்மேல பழியப் போட்டாம் பாரு, அதக்கூடப் பொறுத்துக்கிடுவேன். எம் மவள இல்லன்னு ஆக்கிட்டானே" என்றாள்.

அவளைத் தனியே விட மனசில்லாமல் நானும் அவள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பொண்டாட்டி அங்கே இருப்பதால் கணேசபாண்டியனுக்கும் அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் படுக்கை. ஒன்றும் நடக்காதது போல வந்து உட்கார்ந்தான். அக்கா சோறு போட்டு மீன் குழம்பு ஊற்றினாள்.

"என்னத் தப்பா நெனைக்காதக்கா. ரெண்டு பேரு வேலையும் போனா யாரு பாக்கது? புது மான் அனுப்புதோம்னு இப்பவே போன் வந்துட்டு. நீ ஆசப்பட்டதுதான" என்றான்.

"வரட்டும், நல்லா இருக்கட்டும்" என்றாள். உண்மையாகவேதான் சொன்னாள்.

அவன் கை கழுவிவிட்டு, கலைச்செல்வி படுத்திருந்த மாடி ஏணியில் கால் வைத்தான். அக்கா குறுக்கே போய் நின்றாள்.

"அங்க எங்கல போற? தம்பிக்கு இந்த வீட்டுல எப்பவும் சோறு உண்டு, சாப்ட்டாச்சுல்லா. நம்ம வீட்டுல அந்தப் பழக்கம் கிடையாதுன்னு நீதான டாக்டர்ட்ட சொன்ன. கெளம்பு."

"என்ன பழக்கம்மா?" என்று மேலேயிருந்து கலைச்செல்வி கேட்டாள். அக்கா ஒன்று விடாமல் சொன்னாள், குரல்கூட உயரவில்லை. அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏணி முனையில் வந்து உட்கார்ந்தது.

"மாமா, அப்படியா சொன்னிய?"

அவன் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். அவள் இன்னொரு தரம் கேட்டாள்.