முதல் பக்கத்தில் அக்கா

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தபோது என் அக்கா அங்கே இருந்தாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கும் வேலை அவளுக்கு. கூட வேலை பார்த்த தோழி கூப்பிட்டாள் என்று, டெல்லியிலிருந்து வரும் தலைவரைப் பார்க்கப் போனாள். மேடையை விட்டுத் தள்ளி நின்றதால் உயிர் பிழைத்தாள். காலில் செருப்பில்லாமல், யாருடைய ரத்தமோ தெறித்த புடவையோடு எங்கள் ஊரான பிள்ளைப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தவள், அதன்பிறகு சரியாகப் பேசவேயில்லை.

கூட்டத்துக்குப் போனவர்களையெல்லாம் போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது. அக்காவையும் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். “சாட்சிதான்யா, பார்த்ததைச் சொல்லட்டும், சாயங்காலம் அனுப்பிடறோம்” என்றார் இன்ஸ்பெக்டர். சொன்னபடியே அனுப்பியும் விட்டார். ஆனால் காலையில் ஜீப்பிலிருந்து ஸ்டேஷன் வாசலில் இறங்கி, அவள் முந்தானையால் முகத்தை மூடுவதற்குள் ஒரு போட்டோகிராபர் படம் எடுத்துவிட்டார்.

மறுநாள் நாளிதழின் முதல் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. ‘சிக்கினாள் மர்மப் பெண்?’ என்று தலைப்பு. கீழே அக்காவின் பெயர், அப்பாவின் பெயர், ஊர், தெரு எல்லாம் போட்டிருந்தார்கள். ‘கூறப்படுகிறது’ என்ற சொல் அந்தச் செய்தி முழுக்க இருந்தது. யார் கூறினார்கள் என்பது மட்டும் இல்லை.

பேப்பர் என்றால் அப்பாவுக்கு உயிர். பஸ் டிப்போவில் மெக்கானிக். டீக்கடையில் தலைப்பு முதல் ராசிபலன் வரை வாசித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். எமர்ஜென்சியில் பத்திரிகைகள் தணிக்கைக்கு அஞ்சி வந்ததை எங்களுக்குக் கதை கதையாகச் சொல்வார். அன்று டீக்கடையில் பேப்பரை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. அவரைக் கண்டதும் கடைக்காரர் அதை மடித்து பெஞ்சுக்கு அடியில் வைத்தாராம். அப்பா கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார்.

அன்று மாலையே வீட்டு ஓட்டின் மேல் கல் விழுந்தது. இன்ஸ்டிடியூட் முதலாளி, “கொஞ்ச நாள் வரவேணாம்மா” என்று ஆள் விட்டுச் சொன்னார். ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை மணிமங்கலத்துக்காரர், மறைமலை நகரில் கம்பெனி வேலை. அவருடைய அம்மா வந்து, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், நிச்சயத்தில் நாங்கள் அவருக்கு வைத்துக்கொடுத்த புடவையைத் திருப்பி வைத்தார்.

“நாங்க நம்பலம்மா. சத்தியமா நம்பல. ஆனா ஊரு நம்புதே, இன்னா பண்றது?” என்று அழுதார். உண்மையாகவே அழுதார். அதனால் அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

அக்காவுக்கு அடுத்தவளான நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சென்னையில் அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். செய்தி ஆசிரியர் பல நாள் தூங்காதவர்போல் இருந்தார். எங்களை உட்காரச் சொன்னார்.

“ஸ்டேஷன்ல கெடச்ச தகவல்ங்க. நாங்க அவங்கதான்னு எழுதல. கேள்விக்குறி போட்டிருக்கோம், பாருங்க.”

“கேள்வி கேட்டவங்க பதிலையும் போடணும் இல்ல சார்? எம் பொண்ண அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. முதல் பக்கத்துல கேட்டீங்க. முதல் பக்கத்துலயே சொல்லுங்க.”

அவர் அந்தப் பேப்பரை எடுத்து மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு, “மறுப்பு போடறோம்” என்றார்.

போட்டார்கள். உள்பக்கத்தின் அடியில், நிலம் விற்பனை விளம்பரத்துக்குப் பக்கத்தில், நாலு வரி. படம் இல்லை. அக்காவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. ஊரில் ஒருவர்கூட அதைப் படித்ததாகச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் வக்கீல் ஒருவர் வீட்டுக்கு வந்தார். “இவனுங்களை சும்மா விடக்கூடாது. இந்த மாதிரி பேப்பரையெல்லாம் இழுத்து மூடணும்னு கையெழுத்து வாங்கினுகீறோம். மொத கையெழுத்து நீங்க போடுங்க” என்றார்.

அப்பா அவர் நீட்டிய தாளை வாங்கவில்லை. “மூட வேணாம் சார். அன்னிக்கு கூட்டத்துல, குண்டு வெடிக்கறதுக்கு முன்னாடி ஒருத்தன் எடுத்த போட்டோவ பேப்பர்ல போடலன்னா யார் பண்ணாங்கன்னே தெரிஞ்சிருக்காது. தப்பா போட்டா, தப்புன்னு அதே எடத்துல, அதே எழுத்துல போடணும். அதுக்கு வழி இருந்தா சொல்லுங்க.”

அறைக்குள் இருந்த அக்கா வெளியே வந்தாள்.

“கையெழுத்து போட மாட்டியாப்பா?”

“அது இல்லம்மா...”

“எம் மூஞ்சிய ஊரே பாத்துச்சி. கண்ணாலம் நின்னுபோச்சி. இன்னும் உனுக்குப் பேப்பருதான் பெருசா கீது, இல்ல?”

அப்பா சொன்னது நியாயம் என்று எனக்குப் பட்டது. அக்கா கேட்டதும் நியாயம்தான். யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நான் சுவரோடு சுவராக நின்றேன்.

தவறாக எழுதும் பத்திரிகைகள்மேல் புகார் கொடுக்க டெல்லியில் ஓர் அமைப்பு இருப்பதாக வக்கீலே பிறகு சொன்னார். அப்பா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். பதில் வருவதற்குள் அக்கா ஓசூரில் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன் வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ் ஏற்றிவிட அப்பா வந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. அடுத்த வருஷம், மழைக்காலத்தில், டிப்போவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார் அப்பா. அக்கா வருவதற்குள் உயிர் போய், முகம் வெளுத்துவிட்டிருந்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளை எழுப்ப முடியவில்லை.

அவர் போன பிறகுதான் டெல்லியிலிருந்து தீர்ப்பு வந்தது. பத்திரிகை செய்தது தவறு, கண்டிக்கத்தக்கது என்று இருந்தது. தண்டனை ஒன்றும் இல்லை. கண்டிக்க மட்டுமே அவர்களுக்கு அதிகாரம் என்று வக்கீல் விளக்கினார். அதை எடுத்துக்கொண்டு நான் ஓசூருக்குப் போனேன்.

அக்கா விடுதி முற்றத்தில் நின்றே படித்தாள்.

“அப்பாவுக்கு இது தெரிஞ்சுதா?” என்றாள்.

“இல்லக்கா. இது இப்பத்தான் வந்துது.”

“அன்னிக்கு அப்பாவ நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடி” என்று சொல்லி, முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டாள்.