திருஷ்டிப் பொட்டும் இரண்டு கடிதங்களும்

இலவசமாக எது வந்தாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். புதுச்சேரியில் சேலியமேட்டுப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் பதினோரு வருடமாக டீச்சர் நான். காரணம் இல்லாமல் யாரும் தவளக்குப்பம் தாண்டி எங்கள் ஊருக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வருவதில்லை. பிள்ளைகளுக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று முன்கூட்டியே பார்க்கும் பரிசோதனை என்று ஒரு பெண் பெட்டியோடு வந்து இறங்கியபோது, முதலில் முறைத்தவள் நான்தான்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். பிள்ளை சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டுவார்கள். காதில் டிக் டிக் என்று சத்தம் விடுவார்கள். மூளை அதற்கு எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது என்று பெட்டி கோடு போடும். இதை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள்.

ஊர்ப் பெண்களுக்கு நெற்றிதான் பிரச்சினை. ஒயர் ஒட்டுவதற்கு முன் அதைத் துடைக்க வேண்டும், திருஷ்டிப் பொட்டு போய்விடும்.

"இன்னாத்துக்குப் பொட்ட அழிக்கிறாங்க? நல்லாகீற புள்ளைக்கு எதுனா ஒண்ணு எழுதிட்டுப் பூடுவாங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, இடுப்பில் மகனை வைத்துக்கொண்டு.

எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிவருகிறேன் என்று அங்கன்வாடி மேலதிகாரியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அத்தனை பேர் முன்னாலும் என் மூன்று வயது மகளின் பொட்டை முந்தானையால் துடைத்து, முதல் ஆளாகப் படுக்க வைத்தேன். அவளுக்கு எதுவும் இருக்காது என்ற திமிர்.

முடிந்ததும் அந்தப் பெண் என்னைத் தனியே கூப்பிட்டாள். காது நன்றாகக் கேட்கிறது, பதில்தான் தாமதமாக வருகிறது என்று சொல்லி, டீச்சர் என்பதால் எனக்கு மட்டும் கையோடு கடிதத்தை நீட்டினாள். ஃபேன் ஓடியதே, ஒயர் சரியாக ஒட்டியதா, பெட்டி பழசா என்று கேட்டேன். ஊர்ப் பெண்கள் கேட்டபோது நான் சிரித்த கேள்விகள்.

"உம் பொண்ணுக்கு இன்னா சொன்னாங்க?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஒண்ணுமில்லடி, நல்லாகீது."

அவள் உடனே மகனின் பொட்டைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதன்பின் மகளைப் பின்னால் நின்று நாளைக்கு இருபது முறை கூப்பிட்டேன். திரும்பியதை எண்ணிக்கொண்டேன். திரும்பாதபோது விளையாட்டு மும்முரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுவாரம் மற்றவர்களின் கடிதங்கள் வந்தன. பக்கத்து வீட்டுப் பையனுக்கும் ஒன்று. கொண்டுபோய்க் கொடுத்துப் புரியவைப்பது என் வேலை. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றே படித்தாள். மகன் நெற்றியில் பொட்டு முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

"உம் பொண்ணா இருந்தா ஆஸ்பத்திரிக்கு இட்டும்போவியா?"

இன்னொரு பொய் சொல்லப் பயமாக இருந்தது. பையிலிருந்து என் மகளின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"வியாழக்கெழம போறேன். நீயும் வாடி, சேந்து போலாம்."

தேதியைப் பார்த்தாள். "அன்னிக்கே குடுத்துட்டாங்களா?"

தலையாட்டினேன்.

"அன்னிக்கு ஒண்ணுமில்லன்ன. இன்னிக்கு நீ சொல்றத மட்டும் எப்பிடி நம்புறது?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இரண்டு கடிதங்களையும் என் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வியாழக்கிழமை பஸ்ஸில் என் மடியில் மகள் மட்டும் இருந்தாள். பையில் கடிதங்கள் இரண்டு இருந்தன.