புளி போட்டு விளக்கிய கண்ணாடி

அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்த மலர்க்கொடிக்குக் கோபம் மூக்கு நுனியில். கரும்பலகை சரியாக அழியாவிட்டால் கோபம், பஸ் தாமதமானால் கோபம். கட்டிக்கொண்ட நல்லுசாமி, பாவம், வாயையே திறக்க மாட்டார்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. தெற்கு வானத்தில் இரண்டு சிவப்புக் குட்டி நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருப்பதாகப் பத்திரிகையில் படித்திருந்தாள். வானத்துக் கணக்கில் நமக்கு அடுத்த தெரு. ஆனாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மற்ற நட்சத்திரங்களோடு பார்த்தால் நேற்றுப் பிறந்தவை. சும்மா இருக்கும்போதே திடீரென்று சீறிப் பிரகாசமாகி, அப்புறம் அடங்கிவிடுமாம்.

"என்னை மாதிரியேல்ல இருக்குதுங்க! பாத்தே ஆவணும்" என்றாள் புருஷனிடம்.

தொலைநோக்கியை யார் தூக்கிக் கொடுப்பார்கள்? இரண்டு கெட்டிக் கண்ணாடி வட்டங்களை வாங்கி, நடுவில் சாணைத்தூளைப் போட்டு, கொல்லைப்புறத்தில் ஒரு வருஷம் தேய்த்தாள். "மாவாட்டச் சொன்னா மட்டும் கை வலிக்கும்" என்றாள் மாமியார். தேய்த்துக் குழிந்த கண்ணாடிமேல் மருந்து ஊற்றி வெள்ளிப் பூச்சு ஏற்றினாள். அதைக் குழாயின் அடியில் பொருத்தினால் தொலைநோக்கி தயார். ஆனால் விரல் பட்டாலே கெட்டுப்போகிற பூச்சு. வீட்டில் அடுப்புப் புகை படியும் என்று பள்ளிக்கூட ஆய்வகத்தில் வைத்தாள். ஐப்பசி மழை மேகம் வருவதற்குள் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வருஷம் போயே போச்சு.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மலர்க்கொடி ஏதோ பயிற்சி என்று ஜெயங்கொண்டம் போயிருந்தாள். தலைமையாசிரியர் ராசாங்கம், கூட்டிப் பெருக்குகிற ஆண்டாயியைக் கூப்பிட்டு, "ஆய்வகத்துல இருக்கிற அத்தனையும் பளபளன்னு இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடியின் வெள்ளி கொஞ்சம் கறுத்திருந்தது. பூஜைக்குப் பித்தளை விளக்குகிற கை சும்மா இருக்குமா? புளியும் சாம்பலும் போட்டு அழுத்தித் தேய்த்து, சந்தனம் குங்குமம் என்று பொட்டும் வைத்துவிட்டாள்.

மறுநாள் மலர்க்கொடி பார்த்தபோது வெள்ளி துளிகூட இல்லை. வெறும் கண்ணாடி.

"நாசமாப் போச்சே! கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?" என்று அவள் கத்தியதில் பூஜைக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"களிம்பு ஏறிக் கெடந்துச்சுங்க டீச்சரம்மா. சாமிக்கு வெக்கிறதாச்சேன்னு..." என்றாள் ஆண்டாயி.

ராசாங்கம் குறுக்கே வந்தார். "இவளை இன்னியோட நிறுத்திடறேன் டீச்சர். யாரும் சொல்லாமலே இவளாத்தான் தேச்சான்னு நாலு பேர் முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. பீரோவுல வெள்ளி மருந்து இருக்கு, நாளைக்கே பூசிக்கலாம்."

நாளைக்கே! மலர்க்கொடிக்கு அவர் கேட்ட அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆண்டாயியை அவள் திட்டுவாள், இன்னும் நாலு நாளைக்குத் திட்டுவாள். ஆனால் சொல்வதையும் சொல்லிவிட்டு நழுவப் பார்க்கிறானே இந்த மனுஷன்! அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

"வெளக்கச் சொன்னது நீங்க சார். அதத் தொடாதன்னு சொல்லாம போனவ நானு. நிறுத்துறதா இருந்தா நம்ம ரெண்டு பேரையும் சேத்து நிறுத்துங்க. மருந்தை நீங்களே வெச்சுப் பொரி கடலை போட்டுக் கும்பிடுங்க!"

ஆண்டாயி வேலை தப்பியது. பீரோ திறக்கவில்லை. அன்று சாயங்காலம் மலர்க்கொடி மைதானத்தில் குருட்டுத் தொலைநோக்கியோடு நின்றாள். ஆண்டாயி தயங்கித் தயங்கி வந்தாள்.

"இன்னும் கோவங்களா?"

"ஆமா."

"எம்மேலயா?"

"உம்மேலயுந்தான். வந்து ஒரு கை பிடி, வூட்டுக்குத் தூக்கிட்டுப் போவணும்."

அடுத்த வருஷம் ராசாங்கம் மாற்றலாகிப் போனார், பீரோ திறந்தது, கண்ணாடிக்கு மறுபடி வெள்ளி ஏறியது. புரட்டாசியில் ஒரு நாள், பொழுது சாய்ந்து இருட்டியதும் அந்த நட்சத்திரங்கள் அகப்பட்டன. ஒட்டிக்கொண்டு இரண்டு புள்ளிகள், சிவப்பா என்றுகூடச் சந்தேகப்படும்படி மங்கல்.

"இவ்வளவுதானா, சனியன்களா! இதுக்கா என்னை இந்தப் பாடு படுத்துனீங்க?" என்று திட்டினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆண்டாயியை இழுத்துப் பார்க்கச் சொன்னாள்.

ஆண்டாயி வெகுநேரம் பார்த்தாள். "ரெண்டு குங்குமப் பொட்டு வெச்ச மாதிரியே இருக்குங்க டீச்சரம்மா."

"பொட்டுன்னு இன்னொருவாட்டி சொன்ன, கொன்னுடுவேன்" என்றாள் மலர்க்கொடி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.