நாவல் மரத்தடியில் கோலமாவு வீடு

வங்காளத்து ஜாதவ்பூரில் நாங்கள் வாங்கிய மனையின் நட்டநடுவில் ஒரு நாவல் மரம் நின்றது. துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த என் கணவர் தானே ஒரு பிளான் வரைந்தார். அதில் மரம் இருந்த இடத்தில் படுக்கையறை வந்திருந்தது.

"மரத்த வெட்டிட்டா சரியாப் போச்சு. இருந்தா வீடெல்லாம் பழக்கறைதான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாலிகஞ்ச் வாடகை வீட்டில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான். அதையே பார்த்துப் பார்த்துச் சலித்தவள், கைக்கு வந்த மரத்தை விடுவேனா?

காகிதத்தை வைத்துக்கொண்டு அவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. மழைக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, புல் செதுக்கிய அந்த மண்ணில் அவருடைய பிளானை அப்படியே கோலமாவால் போட்டேன். கூடம், அடுப்படி, வாசல் எல்லாம் நிஜ அளவில். தூக்குவாளியில் புளியோதரையும் கொண்டுபோயிருந்தேன்.

"இன்னைக்கு இந்த வீட்டுலயே இருந்து பாப்போங்க" என்றேன். "உனக்குக் கிறுக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

மாஷிமா என்று எல்லோரும் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மா எட்டிப் பார்த்து, கோலத்தைக் காட்டி, எந்தப் பூஜைக்கு இந்த ஆல்பனா என்று வங்க மொழியில் கேட்டார். பூஜை இல்லை, இதுதான் எங்கள் வீடு என்றேன். உடனே செருப்பைக் கழற்றிவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து வாசல் வழியாகவே நுழைந்து, கூடத்தில் குடையை விரித்து உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. புளியோதரையை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டதும் வெயில் கொளுத்தியது. வீட்டிலேயே நிழல் இருந்தது படுக்கையறையில் மட்டும்தான். என் கணவர் அங்கே போய் மரத்தடியில் துண்டை விரித்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. அப்போது பார்த்துப் பழங்கள் பொத்பொத்தென்று அவருடைய வெள்ளைப் பனியன் மேல் விழுந்தன. மரத்தின் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

விழித்தவர் பனியனைப் பார்த்தார். அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். வயிற்றின் மேல் கிடந்த பழம் ஒன்றைத் துடைத்து வாயில் போட்டார். பிறகு எழுந்து படுக்கையறைக் கோடுகளைக் காலாலேயே அழித்தார்.

"ரூம அந்தப் பக்கம் தள்ளிப் போடு. சின்னதா இருந்தா என்ன, தூங்கத்தான போறோம்? ஜன்னல் மட்டும் மரத்தப் பாத்து இருக்கட்டும்" என்றார், ஊதா நாக்கோடு.

அப்படியே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த வீட்டில் எந்த அறைக்கும் சுவர் இல்லையே. மாஷிமா கூடத்தில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.