இறங்காமல் வந்த ஊர்

இன்று எப்போதும்வென்றான் ஊருக்குப் போகும் பஸ்ஸில் பின்னாலிருந்து ஒரு குரல்: "தண்ணிக்காரத் தம்பிதானே?"

முத்துலட்சுமி அக்கா. அவர் ஊருக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு நான்கு வருடம் நடந்த இயக்கத்தில் நான் முழுநேர ஊழியனாக இருந்தேன்.

எங்கள் அமைப்பில் ஒரு விதி உண்டு. எந்த ஊருக்காகத் தண்ணீர் கேட்கிறோமோ, அந்த ஊரில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. அக்கா செம்பை நீட்டும்போதெல்லாம், "பைப்பு வரட்டும்க்கா, வந்து குடிக்கேன்" என்பேன்.

குழாய் வருவதற்குள் எனக்குக் கல்யாணம் ஆனது. இயக்க வேலையை விட்டுவிட்டேன்.

"பைப்பு வந்து ஒரு வருசமாச்சு. ஒங்க ஆளுக எல்லாரும் வந்து குடிச்சிட்டுப் போனாவ. உங்களைத்தான் காணோம். இப்பம் எந்த ஊருக்குத் தண்ணி கேட்டு அலையுதீங்க?"

"இன்சூரன்ஸ் கம்பெனில இருக்கேன்க்கா."

அவர் ஊர் வந்ததும், "இறங்குங்க தம்பி. ஒரு செம்பு குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல போவலாம்" என்றார்.

"மீட்டிங் இருக்குக்கா."

பஸ் கிளம்பும்போது பார்த்தேன். குழாயடியில் ஒருவர் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். எருமைக்கும் போகத் தண்ணீர் இருக்கிறது!

மீட்டிங் எதுவும் இல்லை.

பாதியில் விட்டுப் போனவன் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? விதியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. பழைய தோழர்களே, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.