குதிகால் நரம்பு

கண்டியில் எங்கள் வார்ட்டில் தமிழ் தெரிந்த தாதி நான் ஒருத்திதான். தமிழ் நோயாளிகளின் வலியெல்லாம் என் வாய் வழியாகத்தான் டொக்டரிடம் போகும். எனக்கு லீவு என்றால் அவரவர் பாடு.

அப்படியொரு நாளில்தான் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த வயதான அம்மா, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "நஹர" வலிக்கிறது என்று டொக்டரிடம் சொல்லியிருக்கிறார். சிங்களவர்களின் நஹரவும் நம்முடைய நரம்பும் ஒரே குழப்பம்தான். இரத்தக்குழாயும் அதுதான், தசையை எலும்போடு கட்டும் நாணும் அதுதான். நரம்புக் கோளாறால் கால் விறைக்கிறது என்று நினைத்துச் சத்துக் குளிசை எழுதிவிட்டார்கள்.

மறுநாள் அந்த அம்மா என்னிடம் காலை நீட்டினார்.

"குதிகாலுக்கு மேல நரம்பு பிசகிருச்சு மிஸ். கொஞ்சம் நீவி விட்டா சரியாப் போயிரும்."

நான் நீவவில்லை. தொட்டுப் பார்த்தேன், வீங்கிச் சுட்டது. நெஞ்சுச் சளிக்காக அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அன்டிபயோடிக், வயதானவர்களுக்கு, அதிலும் இவரைப் போல மூச்சு இழுப்புக்கு ஸ்டீரொயிட் விழுங்குகிறவர்களுக்கு, குதிகால் நாணை அறுத்துவிடக்கூடியது.

டொக்டரிடம் ஓடினேன். நல்ல மனிதர், உடனே வந்து பார்த்தார். ஆனால் அந்த அம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, காய்ச்சலும் இப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது. வேறு மருந்துக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை இதையே கொடுக்கச் சொன்னார். நிறுத்த எனக்கு அதிகாரமில்லை, கொடுக்க மனமில்லை. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கட்டிலருகே நின்றேன். கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறைக்காமல் சொன்னேன்.

"அம்மா, இந்த மருந்தாலதான் கால் வலிக்குது போல. நெஞ்சுக்கு இது வேணும். ஆனா நரம்பு அறுந்தாலும் அறுந்துரும்."

"மூச்சா காலான்னா நான் என்னத்த சொல்றது மிஸ்? எங்க லயத்து வீடு மலை உச்சியில இருக்கு. ஏறுறதுக்கு ரெண்டும் வேணும்."

சொல்லிவிட்டுக் குளிசையை வாங்கி விழுங்கினார்.

நடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். ஆனால் ஆண்கள் வந்து போகும் இடத்தில் படுக்கைச் சட்டி வைக்க அவர் எப்படிச் சம்மதிப்பார்? நோயாளிகளைப் பார்க்க ஆட்கள் வந்திருந்த பின்னேரம், கட்டிலை விட்டு இறங்கிவிட்டார். திட்டிக்கொண்டே பின்னால் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். இந்த நாண் அறும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருக்கும் என்று படித்திருக்கிறேன். கழிவறை வாசற்படியில் காலை ஊன்றியவர், பட்டென்ற சத்தத்தோடு என் மேல் சாய்ந்தார்.

அவர் அழவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் மிஸ் ஒதச்சீங்க?" என்று கேட்டார்.