புதுக் கதைக்கு முதல் இடம்

போரில் ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் பங்கீட்டு அரிசிக் கடை வரிசையில் பெண்கள் எங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். கதை சொல்கிறவள் வரிசையின் முதலில் நிற்கலாம். ஆனால் யாரும் கேட்டிராத கதையாக இருக்க வேண்டும். பழையதைத் தூசி தட்டிக்கொண்டு வந்தால் கடைசிக்குத் துரத்திவிடுவோம். நானே இரண்டு பேரைத் துரத்தியிருக்கிறேன். கடைசியில் நிற்பவளுக்குப் பெரும்பாலும் அரிசி மிஞ்சாது. அன்றைக்கு அவள் வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான்.

என் மகளுக்குக் காய்ச்சல். கிழங்கைக் கண்டாலே குமட்டினாள், கஞ்சி கேட்டு அழுதாள். முதல் இடத்தைப் பிடித்தே தீருவதென்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு கதை கட்டினேன். ஒருத்தியின் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்; அங்கே போனவர்கள் திரும்புவது அபூர்வம். பெண்டாட்டி தினமும் அவனுக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறாள். ஒரு நாள் அவன் கை கழுவிக்கொண்டு வந்து அந்தத் தட்டின் முன் உட்காருகிறான்.

சொல்லிப் பார்க்க ஆள் வேண்டுமே. பக்கத்து வீட்டுச் சிநேகிதியிடம் சொன்னேன். உப்பிலிருந்து துணி துவைக்கும் சவுக்காரம் வரை பங்கிட்டுக்கொண்டவர்கள் நாங்கள். கடைசி வரை கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை மகளுக்கு ஈரத்துணி போட்டுவிட்டு வரத் தாமதமாகிவிட்டது. வரிசையின் முன்னால் அவள் நின்று என் கதையைச் சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அது என் கதை என்று கத்தினேன். பிந்தி வந்தவள் பேச்சு எடுபடுமா? எனக்கு முன் நாலு பேர் நிற்கும்போதே அரிசி தீர்ந்துபோனது.

வெறும் பையோடு அவளை வழிமறித்தேன். கூட இருந்தே குழி பறித்துவிட்டாயே என்றேன்.

"தட்டு வைக்கிறது நான்க்கா," என்றாள். "எங்க வீட்டு ஜன்னல் வழியா நீங்க பார்த்ததுதானே. அவரு திரும்பி வந்தாருன்னு சொன்னீங்கல்ல, அது மட்டும்தான் உங்களோடது. அத ஒரு தடவ என் வாயால சொல்லிப் பார்க்கணும்னு இருந்துச்சு."

அவள் புருஷன் சயாமுக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தத் தட்டை நான் பார்த்திருந்தேன். கதை கட்டும்போது அது என் நினைவில் இல்லை என்றுதான் இன்றும் சாதிக்கிறேன். ஆனாலும் அவள் என்னிடம் கேட்டிருக்கலாம். நம்பித்தானே சொன்னேன்?

தன் அரிசியில் பாதியை என் பையில் கொட்ட வந்தாள். எனக்கிருந்த ஆத்திரத்தில் கையைத் தட்டிவிட்டு நடந்தேன்.

அன்றைக்கும் என் மகள் கிழங்குதான் தின்றாள்.